கடைமடைக்கு ஒரு மருந்து

கூத்தாநல்லூர்
12.1.2025

அன்புள்ள சைத்தூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே நலம். நீயும் மகள் இர்ஃபானாவும் மருமகன் ஃபஹதும் வந்து இறங்கிய புதுப் பேரனும் ஷார்ஜாவில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

தினமும் போனில் முகம் பார்க்கிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். தஞ்சாவூர் டாக்டரம்மா அம்ருதாவின் உத்தரவு. இந்த நடுக்குவாதம் வந்தவர்களுக்கு எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருமாம். கோடு போட்ட நோட்டில் பெரிய எழுத்தாக எழுதிப் பழகச் சொன்னார். இந்த வயதில் உட்கார்ந்து அ, ஆ எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதினால் ஆகாதா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க பாய். ஆனா எழுத்து பெருசா இருக்கணும், பொய் சின்னதா இருக்கணும்" என்றார். வாயாடி டாக்டர்.

எழுதியதை நானே போட்டோ எடுத்தால் படம் ஆடிப்போகிறது. அதனால் அக்கா மகன் அன்சார் எடுத்து அனுப்புகிறான். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்குறேன் மாமா" என்கிறான். கண்ணை மூடினால் படம் எப்படி விழும் என்று நானும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புது மருந்து ஆராய்ச்சி ஒன்றில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நான் தின்னும் பழைய மாத்திரை மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கை கால் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் என் குடலில் ஒரு வகை பாக்டீரியா கூட்டமாகக் குடியேறி, மாத்திரையில் பெரும்பங்கை வழியிலேயே தின்றுவிடுகிறதாம். எனக்குப் புரியவில்லை என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சு. கடைமடைக்கு வரலை. ஏன்? நடுவுல வாய்க்காலை வெட்டி எடுத்துக்கிறாங்க. உங்க மூளைதான் பாய் கடைமடை." அதற்குப் பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புது மருந்தின் வேலை, வாய்க்காலை வெட்டுகிறவர்களைத் தேடிப்போய் அடக்குவது. ஒரு சின்ன கேப்சூல். அதற்குள் கண்ணுக்கே தெரியாத துகள்கள். வயிற்றில் கரையாமல் குடலில் போய்த் திறந்து, கெட்டதை மட்டும் பிடித்துக்கொள்ளுமாம், நல்ல பாக்டீரியாவைத் தொடாதாம். நானோ மருந்து என்கிறார்கள். ஒரு கஷ்டம், எங்களில் பாதிப் பேருக்குத்தான் அசல், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது.

குடலில் நடப்பதைச் சோதிக்க அவ்வப்போது மலத்தை ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். போன வாரம் மன்னார்குடி பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் குனிந்து, "என்ன பாய், மீனா? நாத்தம் வராம பார்த்துக்குங்க" என்றார். "கெண்டை" என்று சொல்லிவிட்டேன். இறங்கும்போது, விலை என்ன என்றும் கேட்டார்.

நீ அவசரப்பட வேண்டாம். இர்ஃபானாவுக்கு உடம்பு தேறட்டும். நான் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் சொல்கிறேன், அப்போது வந்தால் போதும்.

அன்புடன்,
ஹாஜா மைதீன்


ஷார்ஜா
20.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் கையால் எழுதும்போது நான் போனில் தட்டி அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று ஃபஹதிடம் பேப்பர் வாங்கிவரச் சொல்லி எழுதுகிறேன். கெண்டை மீன் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இர்ஃபானா சிரித்துச் சிரித்து, தையல் இழுக்கிறது என்று கடைசியில் என்னையே திட்டினாள்.

பேரனுக்கு உங்கள் மூக்கு. பாலுக்கு அழும்போது உங்கள் கோபம். இங்கே வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெயிலும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. பிள்ளைபெற்றவளுக்கு மருந்துச் சரக்கெல்லாம் போட்டுக் காயம் கிண்டினேன். பக்கத்து வீட்டு மலையாளப் பெண் வாசனை பிடித்து வந்து, தனக்கும் ஒரு கிண்ணம் வாங்கிப் போனாள்.

எழுத்து பெரிதாக இருக்கிறது, மாஷா அல்லாஹ். பொய்யும் பெரிதாகத்தான் இருக்கிறது. "நான் இங்கே நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்சார் பெண்டாட்டி என்னிடம் பேசாமலா இருப்பாள்? குளியலறையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதை ஏன் சொல்லவில்லை?

இன்னொன்றும் கேட்கிறேன். போனில் கேட்டால் குழந்தையைக் காட்டு என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். நான் கிளம்புவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்டு, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றீர்கள். நான் வந்து போட்டுவிட்டேன். அதுவரை "பிரசவத்துக்கு அங்கே ஆள் வைத்துக்கொள்ளட்டும், நீ போகாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று சாயங்காலமே "நீ போய்த்தான் ஆகணும், டிக்கெட் போடச் சொல்லிட்டேன்" என்றீர்கள். எனக்குப் புரியாது என்றா நினைத்தீர்கள்?

பொத்தான் போட்டுவிட்டதற்கா என்னை நாடுகடத்தினீர்கள்?

உங்கள்,
சைத்தூன்


கூத்தாநல்லூர்
9.2.2025

அன்புள்ள சைத்தூனுக்கு,

சலாம். பதில் எழுதத் தாமதமானதற்குக் கை காரணம் இல்லை. உன் கடைசி வரிதான் காரணம்.

முதலில் ஊர்ச் செய்தி. அறுப்பு முடிந்துவிட்டது. ரோடெல்லாம் வைக்கோல் ஏற்றிய லாரி. ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறார். கும்பகோணத்துக்காரர், பெயர் சந்தானகிருஷ்ணன், காலேஜில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலது கை ஆடுகிறது, எனக்கு இடது. பெஞ்சில் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் காபி பிளாஸ்க்கும் சேர்ந்து ஆடுகிறது. யாருக்கு அசல், யாருக்கு மாவு என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. போன தடவை அவர் கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாராம். "கசந்தது பாய், அதனால எனக்கு அசல்" என்றார். நான் விடுவேனா? மறுநாள் நானும் பிரித்துப் பார்த்தேன். கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. அன்றைக்கெல்லாம் மனசு சரியில்லை. பிறகுதான், மாவிலும் கசப்புச் சேர்த்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனி உன் கேள்வி. இத்தனை காலம் நான் உனக்குப் புருஷனாக இருந்தது லீவில் வந்த நாட்களில் மட்டும்தான். துபாய்க் கடையில் துணி மடித்தே வயது போய்விட்டது. ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? உன்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டும், நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போக வேண்டும், நீ தூக்கிவரும் பையை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்து உட்கார்ந்தபின் பார்த்தால், ஒரு நோயாளியைக் கவனிக்கிற வேலையைத்தான் உனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அந்தப் பொத்தானை நீ போட்டபோது உன் முகத்தில் சலிப்பு இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழகிவிட்டாயே என்று இருந்தது.

அதனால் சொல்கிறேன். இந்த மருந்து கேட்கட்டும். நான் மனுஷனாக நிமிர்ந்து வந்து உன்னை ஏர்போர்ட்டில் கூப்பிடுகிறேன். அதுவரை பேரனைக் கொஞ்சிக்கொண்டு அங்கேயே இரு.

அன்புடன்,
ஹாஜா மைதீன்


ஷார்ஜா
22.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நேற்று வெள்ளிக்கிழமை. இர்ஃபானா குழந்தையோடு தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, ஃபஹதை அழைத்துக்கொண்டு துபாய் தேராவுக்குப் போனேன். நீங்கள் வேலை பார்த்த கடையைக் காட்டச் சொன்னேன். இப்போது அங்கே போன் விற்கிறார்கள். பின்சந்தில் நீங்கள் தங்கியிருந்த கட்டடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போது நீங்கள் கடிதத்தின் மேல் எழுதிய விலாசம் எனக்கு மனப்பாடம் அல்லவா, கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன்.

மாடியில் மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரம்மா என்று உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். கட்டிலுக்கு மேல் கட்டில். கீழ்க்கட்டிலில் நான் உட்காரப் போனேன், தலை இடித்தது. ஒருவர் எழுந்து சட்டை போட வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். "ரூம் காத்தோட்டமா, வசதியா இருக்கு" என்று எழுதினீர்களே, அந்த ரூம் இதுதானா? நான் அங்கேயே அழுதுவிட்டேன். பாவம், அந்த ஆட்கள் டீயில் சர்க்கரை போதவில்லையோ என்று பதறிப் போனார்கள்.

அங்கிருந்து வந்த உங்கள் கடிதம் எல்லாவற்றிலும் நலம், நலம், நலம். நான் கூத்தாநல்லூரில் அதை நம்பிக்கொண்டு, ஏன் இந்த வருஷம் லீவு எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். ஒரு வரி உண்மையாக எழுதியிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டேனே. நீங்கள் என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தீர்கள். அதனால் நான் வாழ்க்கைப்பட்டது கடிதத்தில் இருந்த, கஷ்டம் தெரியாத ஒரு ஆளுக்கு, உங்களுக்கு இல்லை. இனிமேல் எனக்கு வரும் கடிதத்தில் நலம் என்ற சொல் இருந்தால் மேலே படிக்க மாட்டேன்.

பழகிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், பழகிவிட்டேன். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் இருக்கப் பழகியதைவிட இது நல்ல பழக்கம்.

நோன்பு வரப்போகிறது. உங்களுக்கு நோன்பு இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே போன வருஷம் சொல்லிவிட்டார், ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
சைத்தூன்


கூத்தாநல்லூர்
16.3.2025

சைத்தூனுக்கு,

சலாம். நீ தடுத்த சொல்லை இன்று எழுத மாட்டேன், எழுதவும் வழியில்லை.

கோபப்படாதே. நான் நோன்பு வைக்கிறேன். துபாய் வெயிலில் ஒரு நோன்பும் விட்டதில்லை. ஊரே நோன்பாக இருக்கும்போது நான் மட்டும் பகலில் வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. மருந்தை நிறுத்தவில்லை. கேப்சூலும் ஒரு மாத்திரையும் விடியுமுன் சஹர் சோற்றோடு. மறு மாத்திரை சாயங்காலம் பள்ளியில் நோன்பு திறந்ததும் கஞ்சியோடு. மூன்றாவது இரவில் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து. எண்ணிக்கை ஒன்றும் குறையவில்லை, நேரம்தான் மாறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வைக்காதே என்பார்கள்.

நேற்று நடந்ததைக் கேள். நோன்பு திறந்து, இரண்டு கோப்பைக் கஞ்சி குடித்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு மஃரிப் தொழ நின்றேன். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவன்தான், எழ முடியவில்லை. உடம்பு பூட்டிக்கொண்டது. இமாம் எழுந்தார், வரிசை எழுந்தது, நான் மட்டும் கிடக்கிறேன். சலாம் கொடுத்து எல்லோரும் முடித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சொல்கிறார்கள், "தொந்தரவு பண்ணாதீங்க, பாய் உருகி துஆ கேட்குறாரு." அந்த நேரத்தில் நான் அல்லாஹ்விடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், யாராவது வந்து என்னைத் தூக்கிவிட வேண்டும் என்று. கடைசியில் அன்சார்தான் என் விரலைப் பார்த்துப் புரிந்துகொண்டு வந்து தூக்கினான். வெளியே செருப்பு மாட்டும்போது ஐயாவு தெரு பாய் ஒருவர் என் கையைப் பிடித்து, "எங்களுக்கும் சேர்த்து கேட்டீங்களா?" என்கிறார். சிரிப்பும் வந்தது, செத்துப்போகலாம் என்றும் வந்தது.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகியும் கால் இளகவில்லை. முன்பெல்லாம் மாத்திரை போட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். இப்போது கேப்சூலும் சேர்த்துச் சாப்பிட்டும் இந்தக் கதி. எனக்கு வந்தது மாவுதான் சைத்தூன். அல்லது அசலாகவே இருந்து, என் குடலிலிருக்கும் கூட்டம் அதையும் தின்றுவிட்டது. இந்த வாரம் போய் என்னை விட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன்.

இர்ஃபானா வேலைக்குத் திரும்ப வேண்டும், நீ டிசம்பர் வரை இருந்தால் நல்லது என்று என்னிடம் போனில் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். இரு. இங்கே வந்து பார்க்க ஒன்றும் இல்லை.

ஹாஜா மைதீன்


ஷார்ஜா
17.3.2025

மச்சான்,

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் எனக்கும் நடுக்குவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சியோடு மாத்திரையா? கறியும் பருப்பும் போட்டுக் காய்ச்சிய பள்ளிவாசல் கஞ்சியோடா? நாம் முதன்முதலாகப் போன அன்று டாக்டரம்மா சொன்னது உங்கள் காதில் விழவே இல்லையா? கறி, பருப்பு, பால், முட்டை இவற்றோடு அந்த மாத்திரை போனால் உள்ளே ஏறாது, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றாரே. நீங்கள் அப்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

"பசியாற வைக்க ஏன் இவ்வளவு நேரம், அடுப்படியில என்ன பண்ற" என்று தினமும் காலையில் சத்தம் போடுவீர்களே. இடியாப்பமும் ஆணமும் அப்போதே தயாராகத்தான் இருக்கும். உங்கள் கையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நேரம் போகட்டும் என்று நான் சும்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நிற்பேன். சொன்னால் குழந்தை மாதிரி நடத்துகிறாய் என்பீர்கள். அதற்குச் சோம்பேறிப் பட்டம் தேவலாம் என்று இருந்தேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மருந்தைக் குறை சொல்கிறீர்கள். மடையில் கஞ்சியை ஊற்றி அடைத்தது நீங்கள். பகல் முழுக்க மாத்திரை இல்லாமல் காயப்போட்டதும் நீங்கள்.

நாளைக்கே தஞ்சாவூர் போங்கள். நோன்பு வைத்ததை டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், அந்த மருந்து நல்லதோ கெட்டதோ, உங்களால் தப்பாக எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் வரை இருக்கச் சொல்ல நீங்கள் யார்? என்னைக் கேட்காமல் என் சபுரை, நான் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை, நீங்கள் முடிவு பண்ணுகிறீர்கள். துபாய்க்குப் போனபோதும் என்னைக் கேட்டா போனீர்கள்?

சைத்தூன்


கூத்தாநல்லூர்
2.4.2025

அன்புள்ள சைத்தூனுக்கு,

சலாம். பெருநாள் வாழ்த்து. அன்சார் வீட்டில் தம்ரூட் இனிப்பு கொடுத்தார்கள். நீ போடுவதில் பாதி நெய் கூட இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை அந்தப் பாத்திரச் சத்தம் காதில் கேட்டது. அடுப்படிக்குப் போய், நீ இல்லாத அடுப்படி, கொஞ்ச நேரம் நின்றேன். எத்தனை காலையில் உன்னைத் திட்டியிருக்கிறேன். மன்னிப்பு என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனாலும் எழுதுகிறேன்.

மறுநாளே தஞ்சாவூர் போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க ஒருத்தர் சொன்னது தப்பானா, உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் தப்பாயிடும் பாய்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம். பிறகு, நோன்பு பற்றி நாங்களும் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது எங்கள் தவறு என்று உதவியாளரிடம் சொல்லி, அங்கே இருந்த எல்லோரையும் கேட்க ஆரம்பித்தார். பார், கும்பகோணத்து ஐயா தலையைக் குனிந்துகொண்டு, "ஏகாதசிக்கு நான் ஒண்ணும் சாப்பிடறதில்லை" என்கிறார். இத்தனை நாள் எனக்கு அசல் உனக்கு மாவு என்று என்னிடம் மார்தட்டியவர்.

என்னை விலக்கவில்லை. அந்த நாட்களைத் தனியாகக் குறித்துக்கொண்டார்கள். மீதி நோன்புக்கு ஹஜ்ரத் சொன்னபடி சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. முதல் நாள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடித்தேன். ஹஜ்ரத் கேள்விப்பட்டு, "கதவைத் திறந்து வச்சே குடிங்க, இதுவும் அவன் கொடுத்த சலுகைதான்" என்றார்.

இப்போது காலையில் கேப்சூல், பிறகு மாத்திரை, பிறகு காத்திருப்பு. காத்திருக்கிற நேரத்தில் பாத்திரத்தை நானே உருட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஹாஜா மைதீன்


ஷார்ஜா
27.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். பேரன் குப்புற விழுந்துவிட்டான். இங்கே வெயில் ஏறிவிட்டது.

உங்கள் எழுத்து வரிக்கு வரி ஒரே அளவில் இருக்கிறது. நான் சொல்லவில்லை, ஃபஹத் சொன்னார். மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சந்தோஷத்தோடு சேர்த்து, "அத்தாதான் நல்லா இருக்காங்களே, நீங்க இருந்துட்டுப் போங்கம்மா, விசாவை நீட்டிக்கலாம்" என்கிறாள். பாருங்கள், நீங்கள் மோசமாக இருந்தபோது, இங்கே வந்து என்ன பார்க்கப் போகிறாய் என்று நீங்கள் சொன்னீர்கள். தேறி வரும்போது, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று இவள் சொல்கிறாள். நான் எப்போது போவதாம்?

ஃபஹதின் அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார். அதனால் இர்ஃபானாவுக்குச் சிரமம் இல்லை, கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான். நான் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

ஆனால் ஒன்று. நான் பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் என்னிடம் போகிறேன் என்றும் வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். என்னை வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்போது கூப்பிட அங்கே இடம் இல்லை, தேராவில் பார்த்துவிட்டேன், அதற்கு வருத்தமில்லை. இப்போது இடம் இருக்கிறது. குணமான பிறகு கூப்பிடுகிறேன் என்றால் வேண்டாம். குணமானவருக்கு நான் எதற்கு?

இப்போது இருக்கிற இந்த உடம்போடு உங்களுக்கு நான் பக்கத்தில் வேண்டுமென்றால், வா என்று எழுதுங்கள். வேண்டாமென்றால் அதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். டிசம்பர் வரை இல்லை, எத்தனை டிசம்பர் வேண்டுமானாலும் இங்கே இருந்துகொள்கிறேன்.

உங்கள்,
சைத்தூன்


கூத்தாநல்லூர்
18.5.2025

சைத்தூன்,

வா.

சலாம் சொல்லும் முன்பே எழுதிவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். உடனே எழுதாததற்குக் காரணம், வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை இருந்தது. அது முடிந்து நல்ல சேதியோடு கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை எடுத்துப் பார்த்து, இதைத்தானே வேண்டாம் என்கிறாள் என்று சோதனைக்கு முந்தின நாளே டிக்கெட் போட அன்சாரிடம் சொல்லிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் வரும்படி போடுகிறான்.

சோதனையில் டாக்டரம்மாவுக்குத் திருப்தி. முன்பு மதியம் லுஹருக்கே தளர்ந்துவிடுகிற மாத்திரை இப்போது சாயங்காலம் அஸர் தாண்டியும் தாக்குப்பிடிக்கிறது. மீன் கடைவரை தனியாகப் போய் விலை பேசி வாங்கிவந்தேன். குடலில் வாய்க்கால் வெட்டுகிறவர்கள் குறைந்திருக்கிறார்களாம், என் ஐஸ் டப்பாக்கள் சொல்கின்றன. ஆனால் யாருக்கு அசல், யாருக்கு மாவு என்பதை இன்னும் பிரிக்கவில்லை. மற்ற ஊர்களிலும் முடிய வேண்டும். "மருந்தா இருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிட்டதா இருக்கலாம். நம்பிக்கையாவும் இருக்கலாம் பாய், இந்த நோய்ல நம்பிக்கைக்கே மூளை தானா கொஞ்சம் மருந்து சுரக்கும்" என்றார். எதுவாக இருந்தாலும் இனி எங்கள் எல்லோருக்கும் அசலையே ஒரு வருஷம் தந்து பார்க்கப் போகிறார்கள். கும்பகோணத்து ஐயா, இனிமேல் சண்டை போட விஷயமில்லையே என்று வருத்தப்படுகிறார்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். வாசற்படியிலும் கூட்டத்திலும் என் கால் இன்னும் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அதை மட்டும் எந்த மருந்தும் முழுக்க விடுவிக்கவில்லை. எவ்வளவு இழுத்தாலும் வராது, இழுத்தால் விழுந்துவிடுவேன். அதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எதிரில் ஒருவர் தன் பாதத்தைக் குறுக்காக வைத்தால் போதும். தாண்ட வேண்டும் என்று கண் சொன்னதும் கால் தானாக எழும்பிவிடும். கும்பகோணத்து ஐயாவின் வீட்டம்மா ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னிலையிலும் தன் காலை நீட்டி வைக்கிறார், ஐயா தாண்டிக்கொண்டு போய்விடுகிறார். நான் அன்சாரைச் செய்யச் சொன்னேன். "உங்களுக்கு முன்னாடி எப்படி மாமா காலை நீட்டுறது" என்று கூச்சப்பட்டு ஓடுகிறான். தெருவில் வேறு யாரைக் கேட்பது?

திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் வருவேன். நிமிர்ந்து வருவேன் என்று முன்பு எழுதினேன், அது என் கையில் இல்லை. நீ வெளியே வரும் கதவருகே எப்போதும் கூட்டம். என் கால் அங்கேதான் நிற்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. பதறாதே, கையைப் பிடித்து இழுக்காதே. ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். பெட்டியை அன்சாரிடம் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, என் காலுக்கு முன்னால் உன் காலை வை.

நான் தாண்டி வந்துவிடுவேன்.

உன்,
ஹாஜா மைதீன்